ரோஸ் கலர் மருந்தும் தளராத மூச்சுக்குழாயும்

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நடந்தது. கினிப்பன்றிக்கு ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி போட்டு (பெயரைப் பார்த்து ஃப்ளூ வைரஸ் என்று நினைக்காதீர்கள், இது பாக்டீரியா), நாலு நாள் கழித்து மூச்சுக்குழாயை எடுப்போம். வளையமாக நறுக்கி, நூல் கட்டி, 37 டிகிரி கிரெப்ஸ் கரைசலில் (திசுவை உயிரோடு வைத்திருக்கும் உப்புக் கரைசல்) தொங்கவிடுவோம். ஹிஸ்டமின் (ஒவ்வாமையின்போது உடலில் சுரக்கும் பொருள்) விட்டால் இறுகும். ஐசோபிரினலின் என்ற மருந்தை விட்டால் பீட்டா ஏற்பிகள் (அட்ரினலின் போன்றவற்றை ஏற்கும் செல் புரதங்கள்) வழியாகத் தளரும். தடுப்பூசி போட்ட விலங்கில் அந்தத் தளர்வு குறைகிறது என்று 1980-இலேயே நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். அதையே செய்து பார்க்கத்தான் இந்தப் பாடு.

முதல் நாளே வளையம் தளரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை! வழிகாட்டி வந்தார், குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது ஏன்ப்பா ரோஸ் கலர்ல இருக்கு?" காற்றுப்பட்டு ஐசோபிரினலின் கெட்டிருந்தது. ஊசி போடாத விலங்கின் வளையத்தைப் பக்கத்தில் வைத்திருந்தால் அப்போதே மாட்டியிருப்பேன். அஸ்கார்பிக் அமிலம் சேர்த்துப் புதிதாகக் கலக்கி, இரண்டையும் ஒன்றாக ஓட்டினேன். வித்தியாசம் இருந்தது, ஆனால் நான் குதித்த அளவுக்கு இல்லை.

*

எனக்குக் கக்குவான் தடுப்பூசியோடுதான் பழக்கம். சுண்டெலி ஹிஸ்டமினை லேசில் மதிக்காது. கக்குவான் ஊசி போட்ட சில நாளில், வழக்கமாகத் தாங்கும் அளவே அதைச் சாய்த்துவிடும். தடுப்பூசியில் நச்சு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க இதையே வெகுகாலம் சோதனையாக வைத்திருந்தார்கள். ஹிஸ்டமின் கொடுத்ததும் உடல் வெப்பம் இறங்கும்; தெர்மாமீட்டரும் கையுமாகக் கூண்டு கூண்டாக அலைந்திருக்கிறேன். இப்போது அந்த வேலையைச் செல் வளர்ப்புச் சோதனை செய்கிறது. எலிகளைவிட எனக்குத்தான் அதிக நிம்மதி.

*

மேலே சொன்னதில் ஒரு குழப்பம் உண்டு, நானும் அதில் விழுந்தவன். 1968-இல் சென்டிவான்யி என்ற ஆய்வாளர், ஆஸ்துமாவுக்குப் பீட்டா ஏற்பிக் குறைபாடே அடிப்படை என்ற கருத்தை வைத்தார். கக்குவான் எலிகள்தான் அவருக்கு முன்மாதிரி. அதனால் கக்குவான் நச்சு பீட்டா ஏற்பியையே அடைக்கிறது என்று வைவாவில் அடித்துச் சொன்னேன். உண்மையில் அது ஏற்பியைத் தொடுவதில்லை. ஏற்பிகளின் சேதியைச் செல்லுக்குள் கடத்தும் புரதங்களில் ஒன்றான ஜிஐ (Gi) புரதத்தில் ஏடிபி-ரைபோஸ் (ADP-ribose) என்ற மூலக்கூறை ஒட்டி, அதோடு பேசும் ஏற்பிகளிடமிருந்து அதன் தொடர்பைத் துண்டிக்கிறது. பீட்டா ஏற்பி பெரும்பாலும் பேசுவதோ அதே குடும்பத்தின் இன்னொரு புரதமான ஜிஎஸ் (Gs) புரதத்தோடு. தேர்வாளர், "அப்போ எதை அடைக்குது?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். கரும்பலகையில் நான் வரைந்த அம்புக்குறிகளை நானே அழிக்க வேண்டியதாயிற்று.