‘அட்வர்ஸ் ஈவன்ட்’ என்பதற்குத் தமிழ்: பக்க விளைவா, பாதக நிகழ்வா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அரிய சிறுநீர்ப்பைக் கட்டிகளுக்கான அறுவையில் மயக்க மருந்தைப் பற்றிய ஆய்வொன்றின் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதிவரும் புதுவை நண்பர், ‘அட்வர்ஸ் ஈவன்ட்’ (ஆய்வின்போது நோயாளியின் உடல்நலத்துக்கு நேரும் கேடு, காரணம் எதுவானாலும்) என்று வரும் இடமெல்லாம் ‘பக்க விளைவு’ என்றே போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார். கூடாது என்பதே என் கருத்து.

பாராகேங்க்லியோமா என்னும் கட்டியை எடுத்துக்கொள்வோம். சிறுநீர்ப்பையில் வரும் கட்டிகளில் இது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அட்ரினலின் வகைச் சுரப்புகளை வெளியிடக்கூடிய இக்கட்டியை அறுவையின்போது தொட்டாலே இரத்த அழுத்தம் திடீரென உச்சத்துக்கு ஏறலாம். சிலருக்குச் சிறுநீர் கழிக்கும்போதே படபடப்பும் தலைவலியும் வருவது இதனால்தான். அறுவையின்போது ஏறிய அந்த அழுத்தத்தை ‘மயக்க மருந்தின் பக்க விளைவு’ என்று பதிவு செய்தால், கட்டி செய்த வேலைக்கு மருந்தின் மேல் பழி விழும்.

சிறுநீர்ப்பையின் பக்கச் சுவரில் உள்ள கட்டியை மின்வளையத்தால் சுரண்டும்போது, அருகே ஓடித் தொடைத் தசைகளுக்குச் செல்லும் ஆப்டுரேட்டர் நரம்பு தூண்டப்பட்டுத் தொடை வெட்டி இழுப்பதும் அப்படித்தான். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தாலும் அது நிகழும். பை கிழியவும் கூடும். காரணம் மின்சாரம். முதுகு ஊசிக்குப் பின் வரும் தலைவலியோ, ஊசித்துளை வழியே தண்டுவட நீர் கசிவதால் வருவது. இவற்றோடு ஒப்பிட்டால், முதுகில் செலுத்திய மருந்தால் இரத்த அழுத்தம் இறங்குவது ஒன்றுதான் ஐயத்துக்கு இடமில்லாத பக்க விளைவு.

இந்தியாவின் 2019-ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளும், சிகிச்சையோடு தொடர்பு இருந்தே தீர வேண்டும் என்று கேட்காமல்தான் ‘அட்வர்ஸ் ஈவன்ட்’ என்பதை வரையறுக்கின்றன. ஆய்வின்போது ஏற்படும் கடுமையான நிகழ்வை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். காரணத்தை ஆராய்வது அதன் பிறகு. ‘விளைவு’ என்று எழுதியவுடனே எதன் விளைவு என்ற கேள்விக்கு விடை சொன்னதாகிவிடுகிறது. ‘நிகழ்வு’ அந்த விடையைத் திறந்தே வைக்கிறது. நோயாளிகளே கிடைப்பது அரிதான இத்தகைய ஆய்வில், தவறாகப் பெயரிட்ட ஒரே பதிவுகூட முடிவைச் சாய்த்துவிடும்.

முன்மொழியப்பட்ட மற்ற சொற்களில் ‘தீநிகழ்வு’ தீயணைப்பு நிலையத்தை நினைவூட்டுகிறது. ‘இடர்நிகழ்வு’ நல்ல சொல்தான். ஆனால் அதே படிவத்தில் ‘ரிஸ்க்’ என்பதற்கு ‘இடர்’ என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறோம். ‘பாதகமில்லை’ என்று இன்றும் பேச்சில் வழங்குவதால், ‘பாதக நிகழ்வு’ யாருக்கும் புரியும். மருந்தோடு தொடர்பு உண்டு என்று கருத நியாயமான காரணம் இருக்கும்போது மட்டும் ‘பாதக விளைவு’ என எழுதலாம்.

*

மறுமொழி:

ஐயா, கடலூரில் மயக்க மருத்துவராகப் பணிபுரிபவள் என்ற முறையில் ‘பாதக நிகழ்வு’ என்பதை ஏற்கிறேன். பிள்ளைப்பேற்றுக்கு முதுகில் ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் பலர், பல ஆண்டுகள் கழித்து வரும் இடுப்புவலியையும் அந்த ஊசியின் கணக்கிலேயே எழுதுகிறார்கள். அதை மறுத்துப் பேசினால் நம்மிடம் சொல்வதையே நிறுத்திவிடுவார்கள். சொல்லட்டும், பதிவாகட்டும், பிறகு ஆராய்வோம் என்பதற்கு இச்சொல் இடம் தருகிறது. ஆனால் படிவத்தில் சொல்லை மட்டும் தனியே விட்டால் ‘பாதகம்’ என்பதைக் கண்டு அஞ்சுவோரும் உண்டு. எனவே அது முதலில் வரும் இடத்தில் இப்படி ஒரு விளக்கம் சேர்க்கலாம்:

“ஆய்வுக் காலத்தில் உங்கள் உடல்நலத்துக்கு ஏற்படும் எந்தக் குறையும், அது மருந்தால் வந்ததாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், இப்படிவத்தில் பாதக நிகழ்வு எனப்படும். அதை எங்களிடம் தயங்காமல் தெரிவியுங்கள்.”