டி7200ல ராத்திரி கோயில் படமெல்லாம் புள்ளி புள்ளியா வருது, ஃபுல் ஃப்ரேமுக்கு மாறலாமா?

ரங்கூன் பையன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். பகல்ல ஒரு கடையில கணக்கு எழுதுறேன், சனி ஞாயிறுல கல்யாணம் காதுகுத்து கோயில் விசேஷம்னு படம் எடுக்கப் போவேன். கையில இருக்கிறது நிக்கான் டி7200, கூடவே வந்த 18-140 லென்ஸ், ஒரு பழைய ஃப்ளாஷ், அவ்வளவுதான். போன வாரம் சாமி புறப்பாடு, ராத்திரி எட்டு மணிக்கு மேல, கோயில்ல ஃப்ளாஷ் அடிக்காதேன்னுட்டாங்க. கேமரா திரையில பார்த்தா ஜோரா இருந்திச்சு, வீட்ல கம்ப்யூட்டர்ல போட்டா அம்மன் முகத்துல மணல் தூவின மாதிரி இருக்கு, சிலதுல குறுக்கால இருட்டுப் பட்டை வேற ஓடுது. தெரிஞ்சவர் ஒருத்தர் நிக்கான் டி750 விக்கிறாரு, அது ஃபுல் ஃப்ரேம், பாடி மட்டும், லென்ஸ் கிடையாது. என்னோடது கிராப் சென்சார், அதாவது வெளிச்சம் பிடிக்கிற சில்லு சின்னது, அதனால இப்பிடித்தான், சில்லு பெரிசான ஃபுல் ஃப்ரேம் வாங்கினா ரெண்டு பிரச்சனையும் தீரும்னு அவரே சொல்றாரு. அந்தக் காசு சேர்த்து வச்சிருக்கேன், ஆனா அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. வாங்கட்டுமா?

மோல்மீன் மச்சான்:
விக்கிறவர்கிட்டயே வைத்தியம் கேட்டா மருந்து அவர் பையிலதான் இருக்கும் தம்பி 😄 அந்தப் படத்தோட செட்டிங் என்ன, அதைச் சொல்லு முதல்ல. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திச்சு, அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரம், எஃப் நம்பர் குறைஞ்சா துவாரம் பெரிசு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற அளவு). சுருக்காத ரா ஃபைலா, கேமராவே சுருக்கிக் குடுக்கிற ஜேபெக்கா?

ரங்கூன் பையன்:
ஷட்டர் 1/500, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 6400. ஜேபெக்தான் அண்ணே, ரா எடுத்தா கார்டு ரொம்பிடுது. இவ்வளவு வச்சும் இருட்டாத்தான் விழுந்திச்சு, அப்புறம் கம்ப்யூட்டர்ல வெளிச்சம் ஏத்தினேன்.

பழைய ஃபிலிம் ரோல்:
தம்பி, புள்ளி எங்கேருந்து வருதுன்னு பாரு. சாமி புறப்பாடுன்னா ஆள் நடக்கிற வேகம்தானே, அதுக்கு எதுக்கு 1/500? பல்லக்குத் தூக்கிறவங்க நின்னு நின்னு போவாங்க, 1/100 தாராளமா போதும், அதுலயே உனக்கு அஞ்சு மடங்கு வெளிச்சம் வந்திடும். அடுத்து அந்த 18-140, ஜூம் பண்ணிட்டே போனா 5.6ல போய் நிக்கும், அந்த இடத்துல ஒரு 2.8 லென்ஸ் போட்டா இன்னும் நாலு மடங்கு. ரெண்டும் சேர்ந்து இருபது மடங்கு ஆச்சு. இனி சென்சார் கணக்கு. ஃபுல் ஃப்ரேம்னா 36க்கு 24 மில்லிமீட்டர், உன்னோடது 23.5க்கு 15.6. பரப்பளவு போட்டுப் பாரு, 2.3 மடங்கு சொச்சம், ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும் (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு வெளிச்சம்). அந்த ஒண்ணே காலு ஸ்டாப்புக்காக சேர்த்த காசு முழுக்கக் கொட்டிட்டு லென்ஸ் இல்லாம நிக்கப் போறியா? உன் 18-140 கிராப்புக்குன்னு செஞ்ச டிஎக்ஸ் லென்ஸ். டி750ல மாட்டலாம், மாட்டாதுன்னு சொல்லல, ஆனா கேமரா தானா நடு பாகத்தை மட்டும் எடுத்துக்கும், 24 மெகாபிக்சல் பாடியில பத்து மெகாபிக்சல் படம்தான் கிடைக்கும். யானை வாங்கி அங்குசம் வாங்காத கதை.
அப்புறம் இருட்டா எடுத்து பின்னாடி ஏத்திறது இருக்கே, அதுதான் மணலை வாரி இறைக்கிறது. ஜேபெக்ல எடுத்தா எந்த கேமராவா இருந்தாலும் அப்பிடித்தான். ஐஎஸ்ஓ கூடினா பரவாயில்ல, எடுக்கும்போதே வெளிச்சத்தைச் சரியா எடு.

ஃபுல் ஃப்ரேம் பக்தன்:
நான் ஒத்துக்க மாட்டேன். நாலு வருஷமா டி750தான் ஓட்டுறேன், 6400ல எடுத்துக் குடுத்தா கல்யாண வீட்டுக்காரங்க பெரிசா பிரின்ட் போட்டு மாட்டுறாங்க. நம்ம ரங்கூன், அதான் யாங்கோன், வீடு எப்பிடின்னு உங்களுக்கே தெரியும், பன்னெண்டரை அடி அகலம், ஐம்பதடி நீளம், பொண்ணை அலங்காரம் பண்ற ரூம்ல நாலு அத்தை, ரெண்டு சித்தி, ஒரு டேபிள் ஃபேன், நடுவுல நான். அங்க 50 எம்எம்மை கிராப்ல போட்டா 75 மாதிரி ஆயிடும், உள்ள விழுற பரப்பு குறுகிடும், பின்னால நகர முதுகுக்கு சுவர்தான் இருக்கு. ஃபுல் ஃப்ரேம்ல 50ன்னா 50. அதோட கிராப்ல 2.8னு சொல்றது நெசமா 2.8 கிடையாது, 4.2 மாதிரி.

மோல்மீன் மச்சான்:
ஐயா பக்தரே, 2.8 என்னிக்கும் 2.8தான், எக்ஸ்போஷர், அதாவது படத்தோட வெளிச்சம், மாறாது. பின்னாடி மங்கலாகிறதும் மொத்தமா பிடிக்கிற வெளிச்சமும்தான் 4.2 மாதிரி, அந்தக் கணக்கைத்தான் ரோல் அண்ணன் ஏற்கெனவே ஒரு ஸ்டாப் சொச்சம்னு போட்டுட்டாரு, அதையே திரும்ப எடுத்து ரெண்டு தடவை கூட்டாதீங்க. சின்ன ரூமுக்கு அகலமான லென்ஸ் போடணும், அதுக்கு பாடி எதுக்கு மாத்தணும்? கிராப்ல 17 எம்எம் போட்டா 25 மாதிரி ஆச்சு, நாலு அத்தையும் உள்ள வந்திடுவாங்க.

ஃபுல் ஃப்ரேம் பக்தன்:
சரி சரி, கூட்டல் என் தப்பு. ஆனா லென்ஸும் நல்லது, பாடியும் பெரிசுன்னு ரெண்டும் இருந்தா அந்த ஒரு ஸ்டாப்போட அருமை தெரியும், அதை மட்டும் மறைக்காதீங்க.

மாந்தளை அக்கா:
பட்டையைப் பத்தி யாருமே பேசலையே! தம்பி, அது சென்சார் சமாசாரமே இல்ல. கோயில்ல இப்ப எல்லாம் மலிவு எல்ஈடி, சீரியல் லைட்டு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால அந்த லைட்டெல்லாம் செகண்டுக்கு நூறு தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. 1/500ல ஷட்டர் திரை ஒரு இடுக்கு மாதிரி மேலேருந்து கீழ ஓடும், ஓடுற நேரத்துல லைட் மங்கினா அந்த இடம் இருட்டுப் பட்டையா விழும். 1/100 வச்சா ஒரு முழு சுத்து வெளிச்சமும் உள்ள வந்திடும், பட்டை போயிடும், ரோல் அண்ணன் சொன்ன 1/100ஏ இதுக்கும் மருந்து. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் 50 ஹெர்ட்ஸ் அப்பிடியே நிக்காது, ஏறும் இறங்கும், அப்ப லேசா தெரியலாம், 1/50 வச்சுப் பாரு. டி7200லயும் டி750லயும் போட்டோ எடுக்கும்போது இந்த லைட் மங்கி எரியிறதை (ஃப்ளிக்கர்) பார்த்து ஷட்டரைத் தட்டிற வசதி கிடையாது, அது டி7500ல இருக்கு. ஆக அவர்கிட்ட டி750 வாங்கினா பட்டையையும் சேர்த்துத்தான் வாங்குவே.
இன்னொண்ணு, இருட்டுல ஃபோகஸ் பிடிக்கும்னும் சொல்லி விப்பாங்க. ரெண்டுமே மைனஸ் 3 ஈவி வரை பிடிக்கும், ஈவின்னா வெளிச்ச அளவு, ரெண்டுக்கும் ஒரே அளவு இருட்டுதான். ஃபோகஸ் புள்ளி ரெண்டுலயும் 51, உன்னோடதுல ஓரத்துக்குக் கிட்ட வரைக்கும் பரவி இருக்கும், டி750ல எல்லாம் நடுவுல குவிஞ்சு கிடக்கும்.

ரங்கூன் பையன்:
அக்கா, தலை சுத்துது, ஆனா புரியுது. அப்ப ஃபுல் ஃப்ரேம் வேண்டவே வேணாமா?

பழைய ஃபிலிம் ரோல்:
வேணாம்னு இல்ல தம்பி, இப்ப வேணாம். ஒண்ணு செய். அந்த டி750ஐ ஒரு சாயங்காலம் இரவல் கேளு, யார்கிட்டயாச்சும் 17-50 எஃப் 2.8 லென்ஸ் இருந்தா அதையும் வாங்கிக்க, ஒரே இடத்துல நின்னு ரெண்டுலயும் எடு. வாய்ப்பேச்சை நம்பாதே, என் பேச்சையும் சேர்த்துத்தான்.

ரங்கூன் பையன்:
போய்ட்டு வந்திட்டேன். அனவ்ரத்தா ரோட்டு காளி கோயில் பக்கம், நேத்து ராத்திரி, நல்லவேளையா பாதியில கரண்டும் போச்சு, ஜெனரேட்டர் சோதனையும் ஆச்சு. என் டி7200ல இரவல் 17-50 போட்டு 1/100, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1250ல எடுத்தேன், போன வார மணல் எங்கே போச்சுன்னே தெரியல. டி750ல அவரோட 50 எஃப் 1.8 போட்டு எடுத்தா இன்னும் சுத்தமாத்தான் இருக்கு, பொய் சொல்லக் கூடாது. ரெண்டுலயும் 6400 வச்சுப் பார்த்தேன், டி750ல வந்தது என் கேமராவோட 2500, 3200 மாதிரி இருந்திச்சு, ரோல் அண்ணன் கணக்கு அப்பிடியே. ஆனா 1/500 வச்சா ரெண்டுலயும் பட்டை! அவர்கிட்ட காட்டினேன், லைட்டு சரியில்ல தம்பிங்கிறாரு, போன வாரம் கிராப் சரியில்லன்னவரு.
இன்னொரு கூத்து, தனக்கா (பர்மாக்காரங்க முகத்துல பூசிக்கிற மரப்பட்டைச் சாந்து) பூசின சின்னப் பிள்ளை ஒண்ணு முன்னால வந்து நின்னிச்சு, கன்னத்துல மட்டும் வெளிச்சம் வெளுத்துப் போச்சு, ரெண்டு கேமராவுலயும்.

மோல்மீன் மச்சான்:
தனக்காவுக்கு ஃபுல் ஃப்ரேம் என்ன, தேர் சைஸ்ல சென்சார் வந்தாலும் நடக்காது 😄 அந்த மாதிரி முகத்துக்கு ஒரு அரை ஸ்டாப் குறைச்சு எடு, ரா வச்சுக்க, இன்னொரு கார்டு வாங்கு. டி7200ல ரெண்டு ஸ்லாட் இருக்கே, ஒண்ணை சும்மாவா வச்சிருக்கே?

ரங்கூன் பையன்:
சும்மாத்தான் வச்சிருந்தேன் அண்ணே. சரி, முடிவு இதுதான், பழைய 17-50 ஒண்ணு, 50 எஃப் 1.8 டி ஒண்ணு. ரெண்டும் சேர்த்து டி750 விலையில பாதிகூட வரல. அந்த 50 டி லென்ஸுக்குள்ள மோட்டார் இல்லையாமே, என் கேமராவுல ஃபோகஸ் ஆகுமா?

பழைய ஃபிலிம் ரோல்:
ஆகும், டி7200 பாடிக்குள்ளயே மோட்டார் இருக்கு. நாளைக்கு ஃபுல் ஃப்ரேம் போனாலும் அந்த 50 கூடவே வரும், 17-50தான் பின்தங்கிடும்.

ஃபுல் ஃப்ரேம் பக்தன்:
நாளைக்குப் போவேல்ல, அது போதும் எனக்கு. போறப்போ டி750 நம்பரை நிக்கான் தளத்துல போட்டுப் பாரு, 2015ல சிலதுக்கு ஷட்டர் விஷயமா சர்வீஸ் அறிவிப்பு வந்திச்சு.

மாந்தளை அக்கா:
பழைய லென்ஸ் எடுக்கும்போது அப்பர்ச்சரை முழுசா திறந்து, பின்னாலேருந்து டார்ச் அடிச்சுப் பாரு. நம்ம மழைக்காலத்துக்கு லென்ஸுக்குள்ள பூஞ்சை சும்மா சிலந்தி வலை மாதிரி படரும்.

ரங்கூன் பையன்:
அக்கா, நல்லவேளை சொன்னீங்க. இன்னிக்கு ஒரு 17-50 பார்த்தேன், டார்ச் அடிச்சா ஓரத்துல வெள்ளையா நூல் மாதிரி ரெண்டு. கடைக்காரர் தூசிங்கிறாரு, விலையும் குறைக்கிறாரு.

மாந்தளை அக்கா:
தூசி நூல் மாதிரி கிளை விடாது தம்பி. வச்சிட்டு வா.

ரங்கூன் பையன்:
வச்சிட்டு வந்திட்டேன். பங்குனி உத்திரத்துக்குள்ள வேற ஒண்ணு மாட்டணும், யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.