‘ஊதிய பூச்சு’ வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

நம் சொற்பட்டியலில் ‘ஊதிய பூச்சு’ என்று இருப்பதை எடுத்துவிடலாம். சுவரிலிருந்து பிடிப்பு விட்டும் விழாமல் நிற்கும் பூச்சை ஆங்கிலத்தில் ‘blown plaster’ என்பார்கள்; அதன் நிழல் அது. படிப்பவர் சுவரில் உப்பலைத் தேடுவார். ஊட்டி, குன்னூர் பழைய பங்களாக்களின் உள்சுவரில் பூச்சு பெரும்பாலும் மட்டமாகத்தான் நிற்கும்; விரல்முட்டியால் தட்டினால்தான் ‘டொக்கு டொக்கு’ என்று கேட்கும். ‘பெயர்ந்த பூச்சு’ என்பதும் சரிவராது, அது ஏற்கெனவே விழுந்துவிட்டது. ‘பொக்குப் பூச்சு’ என்று வைக்கலாமா? பருப்பில்லாத கடலையைப் பொக்கு என்கிறோமே, அந்தப் பொருளில்.

— — —

> ‘பொக்குப் பூச்சு’ என்று வைக்கலாமா?

ஒலிக்குப் பொருந்துகிறது ஐயா. ஆனால் பொக்கு என்றால் கழிக்க வேண்டியது என்ற பொருளும் கூடவே வருகிறது. தட்டினால் சத்தம் வரும் இடத்தையெல்லாம் கொத்தி எடுத்தால் நல்ல சுண்ணாம்புப் பூச்சு பாதி போய்விடும். கொத்தனார்கள் ‘பிடிப்பு விட்டுப்போச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். ‘பிடிவிட்ட பூச்சு’ என்போம். காரணம் சொல்லிலேயே இருக்கிறது, வைத்தியமும் அதிலிருந்தே வரும்.

சத்தம் வரும் பரப்பைச் சாக்கட்டியால் வளைத்துக்கொண்டு உள்ளங்கையால் அழுத்த வேண்டும். அசையாவிட்டால் காப்பாற்றலாம். 6 மி.மீ. துளைகள் இட்டு, தூசு போகத் தண்ணீர் விட்டு, கீழ்த்துளையில் தொடங்கி மேல்நோக்கி ஊசிக்குழாயால் சுண்ணாம்புப் பால் செலுத்தி, பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். பாலில் சலித்த சுர்க்கி (சுட்ட செங்கல் தூள்) கட்டாயம். வெறும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். பூச்சுக்குப் பின்னால் அந்தக் காற்று போதாது, சுருங்கி மறுபடி விட்டுவிடும்.

அசைந்தால் உறுதியான விளிம்புவரை வெட்டி எடுத்து, கல் இணைப்புகளை 10–12 மி.மீ. ஆழம் சுரண்டி நனைக்க வேண்டும். புதுச் சாந்துக்கு நீற்றிப் பதப்படுத்திய சுண்ணாம்பு 1 பங்கு, கூர்மணல் (முனை மழுங்காத மணல்) 3 பங்கு. ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. முதல் பூச்சில் கீறல் போட்டு, நகம் பதியாத அளவு இறுகிய பிறகே அடுத்தது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் இந்த வேலையைத் தொடவே கூடாது: ஈரச் சாந்தில் தண்ணீர் உறைந்து விரிந்தால் பூச்சு பொடியாய் உதிரும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு சிமெண்டால் ஒட்டுப்போடுவது. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில் பின்சுவர் மண்ணோடு ஒட்டி நிற்கும், ஈரம் வந்துகொண்டே இருக்கும். சிமெண்ட் அதை வெளியே விடாது. ஒட்டைச் சுற்றியுள்ள பழைய பூச்சு அடுத்த மழைக்குள் பிடிவிடும். பின்புற மண்ணை விலக்கி வடிகால் அமைக்காமல் உள்ளே கரண்டி வைப்பது வீண்வேலை.

— — —

‘பிடிவிட்ட பூச்சு’ ஏற்கிறேன். தட்டும்போது கேட்பதற்குப் ‘பொக்கொலி’ என்று தனிச் சொல்லாக வைத்துக்கொள்ளலாம். ‘சுண்ணாம்புப் பால்’ மட்டும் உறுத்துகிறது, வெள்ளையடிக்கும் கரைசலுக்கும் அதே பெயர்தான். ‘சுர்க்கிப் பால்’ என்றால் குழப்பம் வராது. சுர்க்கியை மறந்துவிடவும் முடியாது.