உதயகிரி, கொட்டாரம், அப்புறம் நம்ம ஊர்ப் பெரிய வீடு

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

ஜூன் லீவுக்குப் பிள்ளைகளோடு சிங்கப்பூரிலிருந்து வந்து பத்து நாளாகிறது. வந்த அன்றே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தோம். சனிக்கிழமை லேசாக வெயில் காட்டியதும் ஒரு வண்டி பிடித்து, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம். போனது மூன்று இடம். முதல் இரண்டும் உங்களுக்குத் தெரிந்தவை, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது இடத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

காலையில் புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. அம்மாவுக்கு அது இன்னும் தில்லானைக் கோட்டைதான். சுமார் 90 ஏக்கர், நடுவில் ஒரு குன்று, சுற்றிக் கருங்கல் மதில். இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மரங்களுக்குப் பெயர்ப்பலகை, மான்கள், மழையில் குளித்த மூங்கில் புதர். பிள்ளைகள் மான் இருந்த பக்கத்தை விட்டு நகரவே இல்லை. நான் இழுத்துக்கொண்டு போனது டிலனாய் கல்லறைக்கு. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களுக்காகச் சண்டை போட்டு மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டவர். அப்புறம் அதே ராஜாவுக்குப் படை பழக்கி, இந்தக் கோட்டைக்குள்ளேயே பீரங்கி வார்த்து, வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, ஆனார். இறந்தது 1777 ஜூன் 1. கூரை போன பழைய சிற்றாலயத்துக்குள் அவர் கல்லறை, பக்கத்தில் மனைவிக்கும் மகனுக்கும். கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. மகன் தமிழ் எழுத்தை விரலால் தடவி எழுத்துக்கூட்டிப் பார்த்தான், பாதியில் தோற்றான். கூரை இல்லாததால் சுவரின் மேல் பாசி பச்சையாகப் படர்ந்திருந்தது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சண்டைக்கு வந்தவனுக்கே கோட்டைக்குள்ள இடம் குடுத்திருக்காரே ராஜா” என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

அங்கிருந்து பத்மநாபபுரம் பக்கந்தான். கொட்டாரத்துக்கு, அதாவது அரண்மனைக்கு, திங்கட்கிழமை விடுமுறை, லீவில் வருகிறவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள். பூமுகம் என்கிற முகப்பின் மரவேலை, கண்ணாடி மாதிரித் தரை, அறுபத்து நாலு மூலிகை மரத்துக் கட்டில், சாப்பாட்டுக் கூடமான ஊட்டுப்புரை எல்லாம் பார்த்தோம். தரைக்குச் சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்தார்கள் என்று வழிகாட்டி பாதி மலையாளத்தில் சொன்னதும், எத்தனை முட்டை என்று மகள் கேட்டாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தாய்க் கொட்டாரத்திலிருந்து சாரோட்டுக் கொட்டாரத்துக்குச் சுரங்கம் உண்டு என்று சின்ன வயதில் நமக்குச் சொன்ன கதையைப் பிள்ளைகளுக்கும் அப்படியே கடத்திவிட்டேன்.

நான் பார்த்தது கூரையை. கட்டட வேலை மேற்பார்வை என் பிழைப்பு என்பதால் எங்கே போனாலும் கண் மேலேதான் போகும். அவ்வளவு மழைக்கும் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. மரவீட்டின் ஆயுள் மரத்தில் இல்லை, ஓட்டில் இருக்கிறது. காற்றிலோ, குரங்கு ஓடியோ ஒரே ஒரு ஓடு நகர்ந்தால் போதும். தண்ணீர் ஓட்டைத் தாங்கும் கழுக்கோலில் இறங்கும், ஊறிய கழுக்கோலுக்குச் செதல் (கரையான்) வரும், அது உத்திரத்துக்கு ஏறும், உத்திரம் தாழ்ந்தால் பத்து ஓடு சரியும். அதற்கப்புறம் மண்சுவர் நேராக மழையில் நிற்கிறது. இதைத் தடுக்க வருஷம் ஒருமுறை, மழைக்கு முன்னால், ஒரு ஆள் மேலே ஏறி ஓடு மாற்றினால் போதும். 1956இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்தக் கொட்டாரத்தைக் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. அதைப் பற்றி நம் குழுவில் ஏற்கெனவே போதுமான சண்டை நடந்திருப்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. ஏறுவதற்கு ஆள் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

மத்தியானம் தக்கலையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். சாயங்காலத்துக்கு ரசவடை பொதிந்து வாங்கிக்கொண்டோம்.

சரி, இப்போது பெரிய வீடு, நம்ம ஊரில் இடிந்து கிடக்கும் பழைய தறவாட்டு வீடு.

பெரிய வீட்டு அண்ணன் இந்தக் குழுவில் இருக்கிறார். முந்தின நாள் போன் போட்டுக் கேட்டேன். “தாராளமா போய்ப் பாரு. பாம்பு உண்டு, கவனம். என்னத்தப் பாக்கப் போறியோ” என்றார். அங்கே தேங்காய் வெட்டுக்குப் பொறுப்பாக இருக்கும் மாமாவிடமும் அவரே சொல்லி வைத்திருந்தார்.

பத்து வருஷத்துக்கு மேல் ஊருக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். ரோட்டிலிருந்து பார்த்தால் இப்போது வீடு தெரியாது. காடுதான் தெரியும். வாசல் கட்டடமான படிப்புரையின் ஒரு பக்கத் திண்ணை மட்டும் மிச்சம். முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய நாலுகெட்டில் தெற்குப் பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வடக்கே சமையல்கெட்டும் ஒரு அறையும் நிற்கின்றன. நடுமுற்றத்தில் ஒரு வட்டத்தாமரை மரம் என் உயரத்துக்கு இருமடங்கு வளர்ந்திருக்கிறது. கதவு, நிலை, தூண், நெல் போடும் பத்தாயம் எல்லாம் வியாபாரி கொண்டுபோய்விட்டாராம். மாமா சொன்னார்: “கேரளாவில ஏதோ ரிசார்ட்டில நம்ம பூமுகத்துத் தூண் நிக்குது மக்களே. அங்க அதுக்குத் தனியா லைட்டு போட்டிருக்கானாம்.”

கீழே கிடந்த ஓடு ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். மங்களூர் ஓடு. பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியது 1865இல். அப்படியானால் இந்தக் கூரை அதற்குப் பிந்தியது. வீட்டுக்கு முந்நூறு வயது என்று ஊரில் பேசிக்கொள்வதில் கூரைக்குப் பங்கில்லை.

எப்படி விழுந்தது என்று கேட்டதற்கு மாமா விரலை மடக்கிப் பங்குக்காரர்களை எண்ண ஆரம்பித்தார். இரண்டு கை போதவில்லை. 1925இல் திருவிதாங்கூரில் வந்த நாயர் சட்டம், தறவாட்டுச் சொத்தை, அதாவது கூட்டுக் குடும்பச் சொத்தை, ஆள்வீதம் பிரித்துக்கொள்ள வழி விட்டது. அதற்கு முன்னால் குடும்பத்துக்கு மூத்தவராகக் காரணவர் ஒருவர் இருந்து, ‘ஏறி ஓட்டை மாத்துடா’ என்பார். பிற்பாடு நிலத்தைப் பிரித்தார்கள், தென்னையை எண்ணிப் பிரித்தார்கள். வீட்டை மட்டும் பிரிக்க முடியாமல் எல்லோருக்குமாக விட்டார்கள். எல்லோருடைய கூரைக்கும் யார் ஏறுவது? அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், நம் சங்கக் கட்டடத்துக் கக்கூஸ் கதையும் இதேதான்.

தோட்டத்துக்கு வருகிறேன். அதை யாரும் பார்க்கவில்லை, ஆனால் அது செழித்துக் கிடக்கிறது. குளத்துப் படிக்கட்டில் பாதி ஆம்பல் மூடியிருக்கிறது. குளத்தைச் சுற்றிப் புளிச்சிக்காய் தடியோடு ஒட்டிக் காய்த்துக் கிடந்தது. சாம்பை மரத்தடியில் சிவப்பாகப் பாய் விரித்தாற்போல் பூ. அயனி மரம் ஒன்று, நாலு பேர் சேர்ந்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். அதன்மேல் நல்லமிளகுக் கொடி உச்சிவரை ஏறியிருக்கிறது, பறிக்க ஏறுவார் இல்லை. கீழே விழுந்து வெடித்த, பலா மாதிரியான அயனிச் சக்கையைப் பிள்ளைகள் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். மாமா ஒரு சுளையைப் பிதுக்கிக் கொடுத்ததும் அடுத்த பத்து நிமிஷம் பேச்சில்லை. என் வீட்டுக்காரிக்கு ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம், அங்கே சக்கை என்றால் பிழிந்து எறிவது. “சக்கையைத் தின்னுங்கன்னு குடுக்கிற ஊர் இது ஒண்ணுதான்” என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லும் வசனத்தைச் சொல்லிக்கொண்டே அவளும் தின்றாள். தென்மேற்கு மூலையில் நாகர் காவு. அதன் பக்கம் போகவில்லை. மாமா அங்கே விளக்கு வைக்கிறார். இந்த வளவில் இன்றைக்கும் தவறாமல் நடக்கும் காரியம் அது ஒன்றுதான்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். வண்டியை விட்டு இறங்கிப் படிப்புரைக்கு வந்ததும் அம்மா நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“உள்ளே முள்ளு கிடக்கும்மா, போட்டுக்கோ” என்றேன்.

“இங்க இப்பிடித்தான் மக்களே” என்றாள்.

கதவு இல்லை, நிலை இல்லை, பாதிச் சுவர்கூட இல்லை. அம்மைக்கு எழுபத்து மூன்று வயது. அவளுடைய பாட்டிமார் காலத்தில் நம் ஆட்களுக்கு இந்த மாதிரி இடத்தில் நிற்க எத்தனை அடி தூரம் என்று தீட்டுக் கணக்கு இருந்தது, ஓட்டு வீடு கட்டவே விட்டதில்லை என்பதெல்லாம் நம் குழுவில் பாதிப்பேருக்குக் கேள்விப்பட்ட சங்கதி, மீதிப்பேருக்குப் பாட்டி சொன்ன கதை. அம்மா பிறப்பதற்கு முன்பே அந்தச் சட்டங்கள் எல்லாம் போய்விட்டன. கோயிலே 1936இல் திறந்தாயிற்று. ஆனாலும் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, முடைந்த ஓலையைச் சுமந்து வந்தால் படிப்புரைத் திண்ணையில் வைத்துவிட்டுக் காசுக்கு நிற்பார்களாம். உள்ளே போகாதே என்று யாரும் சொன்னதும் இல்லை, வா என்று கூப்பிட்டதும் இல்லை.

மகள் பாட்டியின் கையிலிருந்த செருப்பை வாங்கிக் கீழே போட்டு, “ஸ்னேக் இருக்கு பாட்டி, போடு” என்றாள். பாம்புக்குப் பயந்துதான் போட்டுக்கொண்டாள்.

உள்ளே வந்து நடுமுற்றத்தில் வெகுநேரம் நின்றாள். “இம்புட்டுத்தானா?” என்றாள். வெளியிலிருந்து அவள் நினைத்து வைத்திருந்த வீடு இதைவிடப் பெரிதாம்.

மேற்கு மதிலை ஒட்டி ஒரு செங்கவருக்கை மா. சீசன் முடிகிற நேரம், உச்சியில் கொஞ்சம் காய் தொங்கியது. மழையில் விழுந்த ஆறேழு பழம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அறுத்தோம். அம்மா ஒரு கீற்று வாயில் போட்டுக்கொண்டு, மதிலுக்கு வெளியே விழுவதைப் பொறுக்கித் தின்றதும் இதே மரம்தான், புளிப்புகூட அப்படியே இருக்கிறது என்றாள். உள்ளே விழுவது இன்னும் இனிப்பாக இருக்கும் என்று அப்போது பிள்ளைகள் பேசிக்கொள்வார்களாம்.

இப்போது ஒரு உதவி. பெரிய வீட்டின் உள்பக்கம் தெரியும் போட்டோ யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். எண்பதுகளில் அங்கே இரண்டு கல்யாணம் நடந்ததாக மாமா சொன்னார். அண்ணா, உங்கள் ஆல்பத்தில் கண்டிப்பாக இருக்கும். முற்றம், தூண், பத்தாயம் வைத்திருந்த அறை, எது கிடைத்தாலும் சரி. மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அம்மாவுக்குப் பெரிதாக்கிக் காட்டிக்கொள்கிறேன். 28ஆம் தேதி கிளம்புகிறோம், அதற்குள் அனுப்பினால் நல்லது.