அரண்மனைக்காரன் தெரு மணி

சென்னையின் பழைய தேவாலயங்களைப் பற்றிய பேச்சில் ஒருவர் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தைப் பற்றி எழுதியிருந்தார், பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கூரையை வளைவாகக் கட்டி 1680-இல் திறந்தது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் இன்னொரு தேவாலயத்தை, ஆர்மீனியர் கோயிலை, நான் சொல்கிறேன்.

எனக்கு ராயபுரம். சின்ன வயதில் செவ்வாய்க்கிழமையானால் ஆயா பாரிமுனை அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிப் போவார். அந்தத் தெருவுக்கு அரண்மனைக்காரன் தெரு என்று பெயர். எந்த ராஜா இருந்தார் என்று கேட்பேன், ஆயாவுக்கும் தெரியாது. ஆர்மீனியன்தான் நம் வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது என்பது ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. ஆர்மீனியர் கோயில் பக்கத்திலேயே இருந்தும் உள்ளே போனது போன வருஷம்தான்.

முதலில் கால் வைக்கவே கூசியது. கல்லறைக் கற்கள் எல்லாம் தரையோடு தரையாகப் பதித்திருக்கின்றன, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான அஸ்தராரை 1794-இல் இதே சென்னையில் அச்சிட்ட பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது.

கோயில் 1712-இல் கட்டியது, 1772-இல் திரும்பக் கட்டினார்கள். மணிக்கூண்டு கோயிலோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. அதில் ஆறு மணி, ஒவ்வொன்றும் 150 கிலோ அளவுக்கு இருக்கும். இரண்டு, 19 வயதில் இறந்துபோன ஷாமியர் என்ற ஆர்மீனியக் குடும்பத்தின் கடைசிப் பையன் நினைவாக 1778-இல் வைத்தவை. இரண்டு 1837-இல் லண்டனில் தாமஸ் மியர்ஸ் வார்த்தவை. இதெல்லாம் சரி, என்னை நிறுத்தியது வேறொரு மணி. 1754-ஆம் வருஷத்து மணியை உருக்கி 1808-இல் மறுபடி வார்த்திருக்கிறார்கள், அதில் தமிழ் எழுத்து இருக்கிறது! பாரசீகம் வழியாக வியாபாரத்துக்கு வந்தவர்கள், அவர்கள் சாமிக்கு அடிக்கிற மணி, அதில் நம் எழுத்து. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

பூசை நடக்காவிட்டாலும் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மணி அடிப்பார்கள். அடுத்த வாரமே அம்மாவைக் கூட்டிப் போனேன். முற்றத்தில் நின்று கேட்டோம். அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "இதுல எதுடா தமிழ் மணி?" என்றார். ஆறும் சேர்ந்து ஒலிக்கும்போது எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.