பழைய கிடங்கில் லாஃப்ட் வீடு, கூடவே தனி மொட்டைமாடி: முன்பணம் கொடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

வாடகைவாசி:

வணக்கம். நகரத்துக்குள் இருக்கும் பழைய சரக்குக் கிடங்கு ஒன்றை வீடுகளாகப் பிரித்து விற்கிறார்கள். அதன் மேல்தளத்தில் ஒரு லாஃப்ட் பார்த்திருக்கிறேன். (பாத்திரம் போட்டுவைக்கும் பரண் இல்லை, முழு வீடு!) பூச்சு இல்லாத செங்கல் சுவர், வார்ப்பிரும்புத் தூண்கள், மர உத்திரம். கூடம் 60 சதுர மீட்டர், உயரம் 5 மீட்டர். அதற்குள்ளேயே இடைத்தளம் போட்டு மேலே படுக்கை வைத்திருக்கிறார்கள்.

என்னை இழுத்தது மொட்டைமாடிதான். கூடத்துக் கண்ணாடிக் கதவைத் திறந்தால் 7 × 4 மீட்டர் திறந்தவெளி. அது கீழ்வீட்டின் கூரை. மேலே மரப்பலகை பாவியிருக்கிறது. அங்கே தொட்டிச் செடிகள், ஒரு சின்ன மரம், முடிந்தால் உட்கார்ந்து குளிக்க ஒரு நீர்த்தொட்டி வைக்க ஆசை. பழைய கிடங்கு, மூட்டை மூட்டையாகச் சரக்கு அடுக்கிய கட்டடம், எடை ஒரு பிரச்சினையே இல்லை என்கிறார் விற்பவர். அது சரியா? பத்திரத்தில் எதைத் தேட வேண்டும்? குடியிருக்க இந்த மாதிரி வீடு எப்படி?

ரசமட்டம்:

விற்பவர் சொல்றது பாதி உண்மை. கிடங்கின் *தளம்* சரக்குக்காகக் கட்டினது, சதுர மீட்டருக்கு 500 கிலோவும் அதுக்கு மேலயும் தாங்கும்படி போட்டிருப்பாங்க. சாதாரண வீட்டுத் தளத்துக்குக் கணக்கு சுமார் 200 கிலோதான். ஆனா உங்க மொட்டைமாடி தளம் இல்லை, *கூரை*. கூரை மேல யாரும் மூட்டை அடுக்கலை. மழையைத் தடுத்துட்டு, ரிப்பேருக்கு ஏறும் ஒண்ணு ரெண்டு ஆளைத் தாங்கினா போதும்னு கட்டியிருப்பாங்க. மாற்றிக் கட்டும்போது அதை வலுப்படுத்தினாங்களா என்பதுதான் கேள்வி. அதுக்கான கட்டமைப்புக் கணக்கு, எந்த உத்திரத்தை எதால வலுப்படுத்தினாங்க என்கிற வரைபடம், ரெண்டையும் கேளுங்க. இல்லைன்னா, வலுப்படுத்தலைன்னே எடுத்துக்கோங்க.

நீங்க வைக்க நினைக்கிறதுக்கு எடை போட்டுப் பார்ப்போம். 1 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரத்தில் ஒரு செடித்தொட்டின்னா 0.25 கன மீட்டர் மண். மழையில் ஊறின தோட்டமண் கன மீட்டருக்கு 1,800 கிலோ வரும். அப்போ தொட்டி ஒண்ணு 450 கிலோ. அது உட்காரும் இடம் அரை சதுர மீட்டர்தான், ஆக சதுர மீட்டருக்கு 900 கிலோ. நீர்த்தொட்டி 2 மீட்டர் விட்டம், 60 செ.மீ. தண்ணீர்னா கிட்டத்தட்ட 1,900 கிலோ, ஆள் உட்காரும் முன்னாடியே. அதனால நீர்த்தொட்டியை மறந்துடுங்க. செடிக்கு இலகு மண்கலவை போடுங்க, தொட்டிகளை நடுவில் வைக்காம சுமை தாங்கும் சுவரை ஒட்டி வரிசையா வையுங்க. மரம் வைக்கிறதா இருந்தா எடையோட காற்றையும் சேர்த்து யோசிக்கணும். உயரத்தில் காற்று பலமா அடிக்கும், தொட்டியோட சாய்ச்சிடும்.

அடுத்தது தண்ணீர். இதில்தான் பெரும்பாலான மொட்டைமாடிகள் தோற்கும்.

வாட்டம் குறைந்தது 80க்கு 1 வேணும். உங்க 4 மீட்டர் அகலத்துக்கு அது 5 செ.மீ. இறக்கம். பலகைக்கு மேல ரசமட்டம் வெச்சா ஒண்ணும் தெரியாது, பலகையைச் சமமா போட்டிருப்பாங்க. ரெண்டு இடத்தில் பலகையைக் கழற்றச் சொல்லுங்க: வடிகால் வாய்க்கு மேல ஒண்ணு, கதவுக்கு முன்னாடி ஒண்ணு. அடியில் சேறு, இலைக்குப்பை, தண்ணீர் நின்ன வட்டக்கறை இருந்தா வாட்டம் சரியில்லை.

நீர்த்தடுப்புப் படலம் சுவரில் 15 செ.மீ. ஏறி முடியணும். கதவுப்படியிலும் அதே. மாற்றிக் கட்டின கட்டடங்களில் இங்கேதான் ஏமாத்து. உள்தரையும் வெளித்தரையும் ஒரே மட்டமா இருந்தா பார்க்க அழகு, அதனால வாட்டக் கலவை, படலம், பலகை எல்லாத்தையும் ஏத்திட்டு, படிக்கு இடமே இல்லாம விட்டுடுவாங்க. ஒரு வடிகால் அடைச்சாப் போதும், தண்ணீர் கூடத்துக்குள்ள வந்துடும். அதனால வடிகால் ரெண்டு வேணும். இல்லைன்னா ஒண்ணு வடிகால், இன்னொண்ணு கைப்பிடிச்சுவரில் வழிவாய், அதாவது வடிகால் அடைச்சா தண்ணீர் வெளியே வழிஞ்சு போக ஒரு துளை. அந்த வழிவாயின் அடிமட்டம் கதவுப்படியைவிடத் தாழ்வா இருக்கணும். மேல இருந்தா அது வெறும் அலங்காரம்.

கைப்பிடிக் கம்பியின் கால்களையும் பாருங்க. தரையைத் துளைச்சு நட்டிருந்தா, கால் ஒவ்வொண்ணும் படலத்தில் ஒரு ஓட்டை. கைப்பிடிச்சுவரின் வெளிப்புறத்திலயோ உச்சியிலயோ பிடிச்சிருந்தா நிம்மதி.

பத்திரப்புழு:

எடையும் தண்ணீரும் சரியாக இருந்தாலும் அந்த மாடி உங்களுடையது ஆகிவிடாது. ‘தனி மொட்டைமாடி’ என்று விளம்பரத்தில் வருவது மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது உரிமை: மாடி உங்கள் வீட்டோடு சேர்த்து, அளவோடும் எல்லையோடும் பத்திரத்திலும் வரைபடத்திலும் இருக்கும். இரண்டாவது தனிப் பயன்பாட்டு உரிமை: இடம் எல்லோருக்கும் பொது, அனுபவிப்பது மட்டும் நீங்கள். இதுவும் பதிவான ஆவணத்தில், அடுத்து வாங்குபவருக்கும் செல்லும் என்ற வாசகத்தோடு இருந்தால் நல்லதே. மூன்றாவது, ‘இத்தனை வருஷமாக நாங்கள்தான் பயன்படுத்துகிறோம்’. இதற்குக் காசு கொடுக்காதீர்கள். வீட்டு உரிமையாளர் சங்கக் கூட்டத் தீர்மானம் மட்டும் காட்டினால் அதையும் மூன்றாவது வகையிலேயே வையுங்கள். ஒரு கூட்டம் கொடுத்ததை இன்னொரு கூட்டம் எடுத்துவிடலாம்.

இரண்டாவது வகை என்றால் ஒரு கேள்வியை விடாதீர்கள்: கூரை ஒழுகினால் செலவு யாருடையது? நீர்த்தடுப்பு சங்கத்துப் பொறுப்பு, மேலே பாவியது வீட்டுக்காரர் பொறுப்பு என்று பிரித்திருப்பது சாதாரணம். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் படலத்தை மாற்ற வேண்டுமானால் பலகை, தொட்டி, செடி அத்தனையையும் அகற்றி மீண்டும் வைக்கும் செலவு உங்கள் தலையில். கீழ்வீட்டுக் கூரை என்பதால், ஒழுகல் ஆரம்பித்ததும் வழக்கு வருவதும் உங்கள் மேல்தான்.

யார் யார் அந்த மாடிக்குள் வரலாம் என்பதையும் படியுங்கள். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் இயந்திர அறை, ஏசி வெளி அலகு எதற்காவது வழி உங்கள் மாடி வழியாகப் போகிறதா? அதைவிட முக்கியம், தீ விபத்தில் மற்ற வீட்டார் தப்பிக்கும் பாதையாக அது அனுமதி வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா? அப்படியிருந்தால் பூட்டவும் முடியாது, தொட்டி வைத்து அடைக்கவும் முடியாது. விலையை அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

பிறகு கட்டடத்தின் அடிப்படை அனுமதி. கிடங்கிலிருந்து குடியிருப்புக்குப் பயன்பாட்டு மாற்றம் நடந்திருக்க வேண்டும், அதற்கான நிறைவுச் சான்றும் வேண்டும். ‘பணிக்கூடம்’, ‘வேலையும் வாசமும்’ என்ற வகையில் மட்டும் அனுமதி வாங்கி, வீடு என்று விற்பதும் உண்டு. லாஃப்ட் வாழ்க்கைக்குப் பேர்போன நியூயார்க்கின் சோஹோவிலேயே 1971இல் குடியிருக்க அனுமதித்தது சான்று பெற்ற கலைஞர்களைத்தான். வகை தப்பாக இருந்தால் வங்கிக் கடனும் காப்பீடும் சிக்கும்.

அனுமதி வரைபடத்தில் அந்தக் கண்ணாடிக் கதவு *கதவாக* இருக்கிறதா, ஜன்னலாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஜன்னல் என்றிருந்தால் அந்த மாடிக்கு வாசலே சட்டப்படி இல்லை. இடைத்தளமும் அப்படித்தான், வரைபடத்தில் இல்லாத இடைத்தளத்தை வீட்டுப் பரப்பில் சேர்த்து விலை சொல்லியிருப்பார்கள்.

வாடகைவாசி:

இருவருக்கும் நன்றி. கேட்டுப் பார்த்தேன். பதிவான ஆவணத்தில் தனிப் பயன்பாட்டு உரிமை இருக்கிறது, அளவும் இருக்கிறது. வடிகால் ஒன்றுதான், வழிவாய் கண்ணில் படவில்லை. கதவுப்படி பலகையிலிருந்து 4 செ.மீ. மேலே. போன வருஷம் மேலே புதிதாக நீர்த்தடுப்புப் பூச்சு அடித்ததாகவும், அதனால் கவலையே வேண்டாம் என்றும் சொல்கிறார் விற்பவர். நீர் தேக்கிச் சோதனை கேட்கலாமா?

ரசமட்டம்:

போன வருஷம் பூச்சு அடிச்சாங்கன்னா போன வருஷம் ஒழுகியிருக்குன்னு அர்த்தம். எந்தப் பொருள், எத்தனை கோட்டு, உத்தரவாதம் உங்க பேருக்கு மாறுமான்னு எழுத்தில் வாங்குங்க. கீழ்வீட்டுக்காரரிடம் பேசி அவர் உட்கூரையைப் பாருங்க. ஒரு இடத்தில் மட்டும் வெள்ளை புதுசா இருந்தா அந்த இடத்துக்கு நேர் மேலதான் தேடணும்.

4 செ.மீ. பலகையிலிருந்து அளந்தது. பலகைகளுக்கு இடையில் இடைவெளி இருந்து தண்ணீர் கீழ இறங்கினா, அடியில் இருக்கும் படலத்திலிருந்து படி எவ்வளவு உயரம்னு அளங்க. அது 15 செ.மீ. தாண்டினா பிழைச்சீங்க. குறைஞ்சா, கதவுக்கு முன்னாடி சல்லடை மூடி போட்ட வடிகால் ஓடை வேணும். வழிவாய் எப்படியும் போட்டே ஆகணும்.

சோதனை கண்டிப்பா கேளுங்க. ஆனா பொறியாளரைக் கேட்காம தண்ணீர் நிரப்பாதீங்க. மேட்டுப் பக்கம் 5 செ.மீ. நின்னா, வாட்டத்தால பள்ளத்துப் பக்கம் 10 செ.மீ. நிற்கும், அங்க மட்டும் சதுர மீட்டருக்கு 100 கிலோ. பழைய மர உத்திரத்துக்கு அது அதிகமா இருக்கலாம். அப்படின்னா மேட்டுப் பக்கம் நனைஞ்சா போதும்னு 1 செ.மீ. வரைக்கும் நிரப்பலாம்.

செய்முறை: வடிகாலை ரப்பர் அடைப்பான் போட்டு மூடி, தண்ணீர் நிரப்பி, சுவரில் பென்சில் கோடு. பக்கத்தில் ஒரு வாளியில் தண்ணீர் வெச்சு அதிலும் கோடு போடுங்க. 48 மணி நேரம் கழிச்சு வாளியில் இறங்கினது வெயில் குடிச்சது. தளத்தில் அதைவிட அதிகமா இறங்கியிருந்தா மீதி கீழ போயிருக்கு. வடிகால் அடைப்பைத் திடீர்னு பிடுங்காம மெதுவா திறங்க.

இந்தச் சோதனை தரையை மட்டும்தான் சொல்லும். கதவு, சுவர், கம்பிக் கால்களுக்குத் தனியா குழாய்த் தண்ணீர் பீய்ச்சணும், கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் 15–20 நிமிஷம். மேலிருந்து ஆரம்பிச்சா எல்லாம் ஒண்ணா நனைஞ்சு எது ஓட்டைன்னு தெரியாது.

எதிரொலி:

எல்லோரும் வெளியே நிற்கிறீர்கள். கொஞ்சம் உள்ளேயும் வருவோம்.

இந்த வகை வீட்டின் முதல் தொல்லை சத்தம். 60 சதுர மீட்டர், 5 மீட்டர் உயரம் என்றால் 300 கன மீட்டர் காற்று. எதிரொலிப்பு நேரத்துக்கு எளிய சூத்திரம்: 0.161 × கன அளவு ÷ ஒலியை உறிஞ்சும் பரப்பு. செங்கல், கண்ணாடி, பாலிஷ் தரை எல்லாம் சேர்ந்து 20 சதுர மீட்டர் உறிஞ்சினாலே பெரிது. ஆக 2.4 வினாடி. நான்கு பேர் பேசினால் சந்தைக்கடை. 0.8 வினாடிக்கு இறக்க மொத்தம் 60 சதுர மீட்டர் வேண்டும். அதாவது இன்னும் 40. கனத்த திரை, கம்பளம், புத்தக அலமாரி போக மீதிக்கு உட்கூரையில் பஞ்சுப் பலகை தொங்கவிட வேண்டியிருக்கும். பார்க்கப் போகும்போது கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள், புரிந்துவிடும்.

இடைத்தளப் படுக்கை அடுத்தது. வெப்பமும் புகையும் மேலே ஏறும், நீங்கள் தூங்குவதும் அங்கேதான். கூடத்தில் தீப்பிடித்தால் படி இறங்கும் வழியே புகைக்குள் போகும். இடைத்தளத்தின் மேலே புகை உணர்கருவி, அங்கிருந்து வேறு வழியோ திறக்கக்கூடிய ஜன்னலோ இருக்கிறதா? சமையலிடம் அந்தப் படிக்கு நேர் கீழே இருந்தால் அதை இடம் மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

சுவர்: பழைய செங்கல் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, ஈரத்தை இழுத்து வெளியே விடும். இணைப்புகளைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தால் ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். உப்புப் பூத்து முகம் பொரிந்து உதிரும். கையால் தடவினால் பொடி ஒட்டுகிறதா பாருங்கள். ‘பாலிஷ் அடித்து மூடிவிடலாம்’ என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

மர உத்திரத்தின் நடுப்பகுதி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அது சுவருக்குள் நுழையும் முனையைத் திருப்புளியால் குத்துங்கள், உளுத்தது அங்கேதான் தொடங்கும். ஈரமானி 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் சுவர் வழியே தண்ணீர் வருகிறது. வார்ப்பிரும்புத் தூணில் அலமாரிக்காகத் துளை போடுவதோ வெல்டிங் வைப்பதோ கூடாது. அது வளையாது, வெடிக்கும். பழைய சிமென்ட் ஷீட், குழாய் உறை எதையும் ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனை இல்லாமல் அறுக்கவும் வேண்டாம்.

தரை அசல் மரம் என்றால் இயந்திர எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று மத்தியானச் சூட்டில் போய் மோந்து பாருங்கள். ஊறிப்போன எண்ணெய் மேல் வார்னிஷ் பிடிக்காது.

பத்திரப்புழு:

முன்பண ஒப்பந்தத்தில் மூன்று வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: கட்டமைப்புப் பொறியாளர் அறிக்கை, நீர் தேக்கிச் சோதனை, வழிவாய் போட சங்கத்தின் எழுத்து அனுமதி. மூன்றில் எது வராவிட்டாலும் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும், தேதி போட்டு. வழிவாய் பொதுச் சுவரில் வருவதால் சங்க அனுமதி இல்லாமல் விற்பவராலேயே போட முடியாது. அதை வாங்கித் தருவது அவர் வேலை.

வாடகைவாசி:

நீர்த்தொட்டி ஆசையை விட்டாச்சு. பலகையைக் கழற்ற விற்பவர் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். படலத்திலிருந்து படி உயரத்தை அளந்து இங்கேயே போடுகிறேன்.