எஸ்எஸ்எல், டிஎல்எஸ், பிரைவேட் கீ: எது எதுக்கு?

கேள்வி: சர்வர் ஒண்ணு செட்டப் பண்றேன், ஒரு இடத்துல எஸ்எஸ்எல் சர்டிபிகேட் போடுன்னு இருக்கு, இன்னொரு இடத்துல டிஎல்எஸ் ஆன் பண்ணுன்னு இருக்கு, ரெண்டும் வேறயா? பிரைவேட் கீய யாருக்கு அனுப்பணும்?

பதில் 1: ஒரே பரம்பரைதான், ரெண்டுமே பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவுல போற டேட்டாவ என்கிரிப்ட் பண்ணி (யாரும் படிக்க முடியாதபடி பூட்டி) அனுப்புற முறை. எஸ்எஸ்எல் 3.0வ 2015லயே மூட்டை கட்டியாச்சு, பேரு மட்டும் ஒட்டிக்கிட்டிருக்கு. இப்ப ஓடுறது டிஎல்எஸ் 1.2, அப்புறம் 2018ல வந்த 1.3.

பதில் 2: பிரைவேட் கீ உங்க சர்வரோட ரகசிய சாவி, அத யாருக்கும் அனுப்பாதீங்க!! சிஎஸ்ஆர் (சர்டிபிகேட் கேட்டு அனுப்புற விண்ணப்பம்) மட்டும் சிஏவுக்கு (சர்டிபிகேட் தர்ற அமைப்பு) போனா போதும், அதுல பப்ளிக் கீயும் (பிரைவேட் கீயோட ஜோடி, வெளிய காட்டலாம்) டொமைன் பேரும் இருக்கும், டொமைன் உங்களோடதான்னு செக் பண்ணிட்டு கையெழுத்து போட்டு சர்டிபிகேட் தருவாங்க.

கேட்டவர்: அப்ப டேட்டாவ என்கிரிப்ட் பண்றதும் அந்த கீதானா?

பதில் 2: இல்லங்க, ஹேண்ட்ஷேக்ல, அதாவது இணைப்பு தொடங்குறப்ப, பிரவுசரும் சர்வரும் சேர்ந்து அந்த இணைப்புக்குன்னு புதுசா செஷன் கீ உருவாக்கிக்கும், டேட்டாவுக்கு அதுதான். 1.3ல பிரைவேட் கீக்கு வேலையே நான்தான் அந்த சர்வர்னு நிரூபிக்கிறதுதான்.